இங்கே ஏகாதிபத்தியம் உண்டு

அந்த மின்னஞ்சலில் மொத்தமே நாலு வரிதான். மூன்று வரி சகாயராஜுக்குப் புரிந்துவிட்டது. நாலாவது வரியில் ஒரே ஒரு வார்த்தை இருந்தது. அதுதான் புரியவில்லை.

குழந்தைகளுக்கான வெள்ளை டீ-ஷர்ட் என்றது முதல் வரி. ஆறு சைஸ், அளவுப் பட்டியல் இணைப்பில் என்றது இரண்டாவது. சாம்பிள் பதினெட்டாம் தேதி எங்கள் கைக்கு என்றது மூன்றாவது. நாலாவது வரியில் ‘இம்பீரியல்’ என்று மட்டும் எழுதி, ஒரு முற்றுப்புள்ளி வைத்திருந்தது.

திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் இருந்த ‘ஸ்ரீ பெரியாத்தாள் நிட்டிங்’ கம்பெனிக்கு ஸ்பெயின் நாட்டிலிருந்து வந்த முதல் கடிதம் அது. முதலாளி பொங்கியண்ணன் இருபது வருடமாக அடுத்தவர்களின் எக்ஸ்போர்ட் ஆர்டரை வாங்கித் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர். 2006-ஆம் வருடத்துப் பனியன் கண்காட்சியில் ஒரு ஸ்பெயின்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கி, நடுவில் ஏஜெண்டு யாரும் இல்லாமல் நேராகவே ஆர்டர் பேசிவிட்டார். அன்று சாயங்காலத்துக்குள் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் போன் போட்டு, தானும் டைரக்ட் எக்ஸ்போர்ட்டர் ஆகிவிட்டதைச் சொல்லியாயிற்று. அதனால் ஒரு வார்த்தை புரியவில்லை என்று எந்த ஏஜெண்டு வாசலிலும் போய் நிற்க முடியாது.

நிற்க வேண்டிய அவசியமும் இல்லை என்பது அவர் எண்ணம். அதற்குத்தானே சகாயராஜ் இருக்கிறான்.

சகாயராஜ் திசையன்விளைப் பக்கத்துக்காரன். ஆறு வருடத்துக்கு முன்னால் செக்கிங் வேலை கேட்டு வந்தவனிடம் பொங்கியண்ணன் பேரைக் கேட்டார். சொன்னான். எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டார். பாதிரியார்கள் நடத்துகிற பள்ளிக்கூடம் என்றான். அப்படியானால் இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடாக இருக்கும் என்று அவராகவே முடிவு பண்ணி, அவனை ஆபீஸில் கடிதப் போக்குவரத்து பார்க்கிற மெர்ச்சண்டைசராக உட்கார வைத்துவிட்டார். அந்தப் பள்ளிக்கூடத்தில் பாதிரியார்களே தமிழில்தான் பேசினார்கள் என்பதையும், இங்கிலீஷ் வாத்தியார் வருடத்தில் பாதி நாள் விடுப்பில் இருப்பார் என்பதையும் அவர் கேட்கவில்லை. கேட்காததை இவனும் சொல்லவில்லை.

எப்படியோ வண்டி ஓடிக்கொண்டிருந்தது. பழைய கடிதங்களிலிருந்து பதினைந்து வாக்கியங்களைப் பொறுக்கி ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தான். அதையே முன்னே பின்னே மாற்றி அடுக்கினால் எந்தக் கடிதத்துக்கும் ஒரு பதில் தேறிவிடும். அவன் குடியிருந்த லைன் வீட்டில் மாத்திரை அட்டை, கேஸ் புத்தகம், கோர்ட்டு நோட்டீஸ் எது வந்தாலும் அவனிடம்தான் வரும். மாத்திரை அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, “சாப்பாட்டுக்கு அப்புறம் போடுங்க” என்பான். இதுவரை யாருக்கும் எதுவும் ஆகவில்லை. மனைவி நதியா வேறொரு கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். தன் புருஷனுக்கு இங்கிலீஷ் வேலை என்று அவள் சொல்லும்போது, பக்கத்து மெஷின்காரிகள் தையலை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். இந்த வேலை போனால் செக்கிங் மேஜையில் நின்று நூல் பிசிறு வெட்டியாவது பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் அப்புறம் லைன் வீட்டில் யார் வந்து மாத்திரை அட்டையை நீட்டுவார்கள்?

ஆகவே பொங்கியண்ணன் அந்தக் காகிதத்தை மேஜைமேல் வைத்து, கடைசி வரியில் விரலை ஊன்றி, “இதென்னுங்க சகாயராஜ், தனியா நிக்குது?” என்று கேட்டபோது, தெரியாது என்று சொல்லும் யோசனையே அவனுக்கு வரவில்லை. டிராயரில் இருந்த அகராதியை எடுத்துப் புரட்டினான். அட்டை இல்லாத, செல் அரித்த அகராதி. அந்தப் பக்கத்தின் கீழ்ப்பாதியைச் செல் தின்றுவிட்டிருந்தது. மிஞ்சிய பாதியில் ஒரே ஒரு பொருள்தான் பாக்கி இருந்தது.

“ஏகாதிபத்தியம், முதலாளி.”

பொங்கியண்ணன் மெல்ல நிமிர்ந்தார். அவருக்கு அந்த வார்த்தை புதிதில்லை. மாதம் ஒரு தடவையாவது எதிர் டீக்கடை முன்னால் சங்கத்துக்காரர்கள் கொடியைப் பிடித்துக்கொண்டு ‘ஏகாதிபத்தியம் ஒழிக’ என்று சத்தம் போடுவார்கள். கம்பெனிக்கு எதிரே நின்று ஒழிக என்றால் அது தன்னைத்தான் என்று இருபது வருடமாக நம்பிக்கொண்டிருந்தார்.

“நம்ம விசயம் ஸ்பெயின் வரைக்கும் போயிருச்சுங்களா?” என்றார் கவலையோடு.

விஷயம் தெரிந்தவரையே கேட்டுவிடுவது என்று கட்டிங் மாஸ்டர் சோணைமுத்துவைக் கூப்பிட்டார்கள். சோணைமுத்து சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்து, கத்தரிக்கோலும் சங்கமுமாகப் பதினெட்டு வருடத்தைத் திருப்பூரில் கழித்தவர். டீக்கடை முன்னால் முதல் ஒழிக அவருடையதுதான். முதலாளியே தன்னை ஏ.சி. அறைக்குக் கூப்பிட்டு ஏகாதிபத்தியம் என்றால் என்ன என்று கேட்கும் ஒரு நாள் வரும் என்று அவர் நினைத்ததே இல்லை. முக்கால் மணி நேரம் விளக்கினார். டீ இரண்டு தடவை வந்தது.

“சுருக்கமாச் சொன்னா, வெளிநாட்டுக்காரன் நம்ம ஊருக்கு வந்து, நம்ம பஞ்சு, நம்ம தண்ணி, நம்ம கையி எல்லாத்தையும் உறிஞ்சிக்கிட்டு, சட்டையை மட்டும் அவன் ஊருக்குக் கொண்டுபோறான்ல, அதேன் ஏகாதிபத்தியம்.”

பொங்கியண்ணன் மேஜைமேல் கிடந்த மின்னஞ்சலை எடுத்துப் பார்த்தார். “அப்ப நமக்கு ஆர்டர் வர்றதுக்குப் பேருதானுங்களா அது?”

“ஒரு வகையில அப்படித்தேன்.”

“அதைத்தானுங்களா மாசாமாசம் ஒழிகன்னு சொல்றீங்க?”

சோணைமுத்து டம்ளரைப் பார்த்துக்கொண்டு, அது வேறு தளத்தில் பேசுகிற விஷயம் என்றார்.

சகாயராஜின் மண்டையில் அப்போதுதான் வெளிச்சம் பட்டது. வெளிநாட்டுக்காரர்கள் ஆர்டருக்கு முன்னால் நிபந்தனை போடுவது வழக்கம்தானே. குழந்தைத் தொழிலாளர் இருக்கக் கூடாது, கக்கூஸுக்குத் தாழ்ப்பாள் இருக்க வேண்டும், தீயணைக்கும் சிலிண்டர் தொங்க வேண்டும் என்று ஒவ்வொருவரும் ஒன்று கேட்பார்கள். இந்த ஸ்பெயின்காரர் ஏகாதிபத்தியம் இருக்கக் கூடாது என்கிறார். சோணைமுத்துவுக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது. அந்த மனிதர் சாதாரண வியாபாரி இல்லை, கொள்கை உள்ளவர் என்று முதலாளியிடமே சொன்னார்.

திருப்பூரில் எந்தக் கம்பெனி கேட்டைப் பார்த்தாலும் ‘இங்கே குழந்தைத் தொழிலாளர்கள் இல்லை’ என்று ஒரு போர்டு தொங்கும். மறுநாள் காலையில் பெரியாத்தாள் நிட்டிங் கேட்டில் அதன் பக்கத்திலேயே, அதே அளவில், அதே பச்சைப் பெயிண்டில் இன்னொரு போர்டு தொங்கியது: ‘இங்கே ஏகாதிபத்தியம் இல்லை.’

சங்கத்திலிருந்து முப்பது பேர் பார்க்க வந்தார்கள். சோணைமுத்து போர்டுக்கு அடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். உலகத்திலேயே ஒரு முதலாளி தன் கைப்பட இப்படிப் போர்டு மாட்டியது இதுதான் முதல் தடவை என்று ஒருவர் பேசினார். பொங்கியண்ணனுக்குச் சால்வை போர்த்தினார்கள். ஒழிக என்ற வாய்களிலிருந்து வாழ்க என்று கேட்டதும் அவருக்கே கண் கலங்கிவிட்டது.

சகாயராஜ் போர்டைப் போட்டோ எடுத்து இணைத்து, தன் நோட்டு வாக்கியங்களை அடுக்கி ஒரு கடிதம் அனுப்பினான். எங்கள் கம்பெனியில் இம்பீரியல் கிடையவே கிடையாது, படம் பார்க்கவும், உங்கள் சம்மதம் வந்ததும் சாம்பிள் வெட்டத் தொடங்குவோம் என்பது அதன் சாரம். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது.

‘நோ, நோ. இம்பீரியல். இம்பீரியல்.’

அறையில் இருந்த மூன்று பேரும் அதை மாறி மாறிப் படித்தார்கள். இதில் சந்தேகப்பட இடமே இல்லை. இல்லை என்று இவர்கள் சொன்னதற்கு, இல்லாமல் முடியாது என்கிறார் அவர். சோணைமுத்து எழுந்து கட்டிங் ஹாலுக்குப் போய்விட்டார். கொள்கைக்காரர் என்று நம்பிய ஆள் ஒரே இரவில் கட்சி மாறியது அவருக்குத் தாங்கவில்லை.

பொங்கியண்ணனுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, மரியாதைதான் கூடும். பேச்சில் இரண்டு ‘ங்க’ வந்தால் எரிச்சல், மூன்று வந்தால் ஆபத்து. “ஏனுங்க சகாயராஜுங்களே, வேணுங்கறாரா வேண்டாங்கறாரான்னு பாத்துச் சொல்றதுக்குத்தானுங்க உங்களை உக்கார வெச்சிருக்கறமுங்க” என்றார்.

சகாயராஜ் உடனே பெயிண்டரைக் கூப்பிட்டுப் போர்டை மாற்றச் சொன்னான். பெயிண்டர் வேலை மிச்சம் பார்க்கிற ஆள். முழுதும் அழிப்பானேன் என்று ‘இல்லை’யை மட்டும் சுரண்டிவிட்டு, அந்த இடத்தில் ‘உண்டு’ என்று எழுதிப் போய்விட்டார். ‘இங்கே ஏகாதிபத்தியம் உண்டு.’ வெளியூர் லாரி டிரைவர் ஒருவர் கேட்டுக்குள் தலையை நீட்டி, பார்சலும் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் போனார். சங்கத்துக்காரர்கள் கேட்ட கேள்வி வேறு மாதிரி இருந்தது. போர்த்திய சால்வையைத் திருப்பிக் கேட்டார்கள்.

உண்டு என்று எழுதியாயிற்று. ஆனால் எதில் உண்டு, எப்படி உண்டு என்று தெரியவில்லையே. பொங்கியண்ணன் தன் மகள் யாழினிக்குப் போன் போட்டார். அவள் கோயமுத்தூரில் பிசிக்ஸ் மூன்றாம் வருடம். வகுப்புக்கு ஓடிக்கொண்டே, “அது அளவுங்கப்பா. சென்டிமீட்டர் இல்லாம இன்ச்சு, அடின்னு அளந்தா அதுக்குப் பேரு இம்பீரியல்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

சகாயராஜுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்படிப் போடு. டீ-ஷர்ட்டு வியாபாரத்தில் அளவைத் தவிர வேறு எதைச் சொல்லப்போகிறான்? இது தனக்கு முதலிலேயே தட்டியதாகவும், சோணைமுத்துதான் அரசியல் பேசிக் குழப்பிவிட்டதாகவும் முதலாளியிடம் சொல்லிவைத்தான். அளவுப் பட்டியலை எடுத்தான். எல்லாம் சென்டிமீட்டரில் இருந்தது. ‘செ.மீ.’ என்று இருந்த இடத்தையெல்லாம் அடித்துவிட்டு ‘இன்ச்’ என்று எழுதிக் கட்டிங் ஹாலுக்கு அனுப்பினான்.

பத்து நிமிஷத்தில் சோணைமுத்து பட்டியலோடு வந்து நின்றார். நாலு வயசுப் பிள்ளைக்கு மார்பகலம் முப்பத்தாறு இன்ச் என்று போட்டிருக்கிறதே, அந்த ஊரில் பிள்ளைகள் எப்படிப் பிறக்கின்றன என்று கேட்டார். செ.மீ.யை இன்ச்சாக மாற்றும்போது நம்பரையும் வகுத்துக் குறைக்க வேண்டும் என்பது பதினெட்டு வருடம் டேப்பு பிடித்தவருக்குத் தெரியாதா.

“நம்பர்ல கைவைக்க நமக்கு அதிகாரம் கெடையாது மாஸ்டர்” என்றான் சகாயராஜ். “நம்பர் அவன் குடுத்தது. இம்பீரியல்னு மட்டும்தான் மாத்தச் சொல்லுதான். அது வெள்ளைக்காரன் அளவு, பெருசாத்தான் இருக்கும்.”

பொங்கியண்ணனுக்கும் அது நியாயமாகவே பட்டது. ஏகாதிபத்தியம் என்று பெயரை வைத்துக்கொண்டு கைக்குட்டை அளவிலா இருக்கும்? வெட்டச் சொல்லிவிட்டார்.

ஆறு சைஸில் மிகச் சின்னதை வெட்டித் தைத்து அயர்ன் பண்ணி ஆபீஸுக்குக் கொண்டுவந்தபோது, அதைத் தூக்கிக் காட்ட இரண்டு ஹெல்ப்பர்கள் தேவைப்பட்டார்கள். சோணைமுத்து அதைத் தன் தலை வழியாக மாட்டிக் காட்டினார். உள்ளே இன்னொரு கட்டிங் மாஸ்டருக்கு இடம் இருந்தது. கழுத்து தோளில் நிற்காமல் இடுப்புக்கு வந்துவிட்டது. பொங்கியண்ணன் அதைச் சுற்றி வந்து பார்த்தார். கடைசியில், வளர்கிற பிள்ளைகள்தானே என்றார்.

எல்லா அளவும் இம்பீரியலாக மாற்றிவிட்டோம், துணி அதிகம் பிடிப்பதால் நாலு நாள் அவகாசம் தேவை என்று சகாயராஜ் எழுதினான். பதில் இந்தத் தடவை பெரிய எழுத்தில் வந்தது. ‘இம்பீரியல்’ என்று மூன்று தடவை, ஒன்றின் கீழ் ஒன்றாக, கோயில் படி மாதிரி.

“இன்னும் பத்தலைங்களாட்ட இருக்குதுங்க” என்றார் பொங்கியண்ணன்.

போன் போட்டே கேட்டுவிடுவது என்று முடிவாயிற்று. சகாயராஜ் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நம்பரை அழுத்தினான். எதிர்ப்பக்கம் ஒரு பெண் குரல். இவன் தன் முதல் வாக்கியத்தைச் சொன்னான். அவள் கொஞ்சம் தயங்கிவிட்டு ஏதோ ஒரு வாக்கியம் சொன்னாள். அது இவன் நோட்டில் இல்லாத வாக்கியம். இவன் “எஸ் மேடம், இம்பீரியல்?” என்றான். அவள் “இம்பீரியல், இம்பீரியல்” என்றாள், குரல் தழுதழுக்க. வைத்துவிட்டாள். அழுகிறாள் போலிருக்கிறது, அவ்வளவு ஆசைப்படுகிறார்கள் என்று சகாயராஜ் முதலாளிக்கு மொழிபெயர்த்தான்.

சாயப்பட்டறைக்காரர்கள் நூற்றுக்கணக்கான நிறத்தை அட்டையில் ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் கொடுத்து வைத்திருப்பார்கள். வேறு வேலையாக அங்கே போயிருந்த சகாயராஜின் கண்ணில் அந்த ஷேடு கார்டு பட்டது. நாலாவது பக்கத்தில், கத்தரிக்காயை நடுவில் பிளந்து தோலை மட்டும் ஒட்டிவைத்த மாதிரி ஒரு நிறம். அதன் அடியில் ‘இம்பீரியல்’ என்று அச்சடித்திருந்தது. சகாயராஜ் அந்த அட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். டையிங் மாஸ்டரிடம் விசாரித்தான். அந்தக் காலத்தில் ராஜாக்கள் மட்டுமே உடுத்திய நிறம் அது என்று அவர் சொன்னார்.

வெள்ளை என்று முதல் வரியில் எழுதியிருந்ததே என்று பொங்கியண்ணன் ஞாபகப்படுத்தினார். வெள்ளை என்று எழுதியது ஒரு தடவை, இம்பீரியல் என்றது ஏழெட்டுத் தடவை, எதற்கு மதிப்பு என்று சகாயராஜ் கேட்டான். அதற்குள் மற்ற சைஸ்களும் தைத்தாகிவிட்டது. அந்தப் பெரிய சட்டைகள் ஆறும் சாயப்பட்டறைக்குப் போய்க் கத்தரிக்காயாகித் திரும்பின. முதல் தடவை நிறம் திட்டுத்திட்டாக விழுந்ததால் இன்னொரு தடவை முக்கினார்கள். பதினெட்டு, பத்தொன்பது, இருபது எல்லாம் சாயப்பட்டறையிலேயே போயிற்று. வந்ததும் எம்ப்ராய்டரி யூனிட்டுக்கு அனுப்பி, நெஞ்சில் தங்க நூலில் ஒரு மகுடம் போட்டார்கள். சட்டை பெரிதாக இருந்ததால் மகுடமும் தாம்பாளம் அளவுக்கு வந்தது.

அளவும் இம்பீரியல், நிறமும் இம்பீரியல், நெஞ்சிலும் இம்பீரியல், இனிமேல் கூரியர்தான் பாக்கி என்று எழுதிவிட்டு, அன்றைக்குத்தான் சகாயராஜ் வயிறாரச் சாப்பிட்டான். மறுநாள் பதில் இருந்தது. ‘திங்கட்கிழமை நாங்கள் திருப்பூர் வருகிறோம். இம்பீரியல்.’

பொங்கியண்ணன் நாற்காலியில் சாய்ந்தார். ஸ்பெயினிலிருந்து ஆர்டர் கொடுக்கிற பையரே நேரில் வருகிறார் என்றால் திருப்பூரில் எத்தனை கம்பெனிக்கு அந்தக் கொடுப்பினை? அந்தக் கடைசி வார்த்தைதான் பாக்கி. வருகிறோம் என்று எழுதிவிட்டு இம்பீரியல் என்றால் என்ன அர்த்தம்?

“ராஜ மரியாதை கேக்குதாங்க முதலாளி” என்றான் சகாயராஜ். இப்போதெல்லாம் அவன் அகராதியைத் தொடுவதே இல்லை. அந்த வார்த்தை அவனுக்கு அவ்வளவு பழகிவிட்டிருந்தது.

மூன்று நாளில் என்னென்ன முடியுமோ அத்தனையும் செய்தார்கள். அவிநாசியில் ஒரு கல்யாண மண்டபத்திலிருந்து, ரிசப்ஷனுக்கு மாப்பிள்ளை பெண் உட்காரும் சிங்க முகம் வைத்த சிவப்பு வெல்வெட் நாற்காலி வந்தது. கேட்டிலிருந்து ஆபீஸ் வரைக்கும் சிவப்பு நிறத்தில் மிச்சம் கிடந்த, கழுத்துப் பட்டிக்கான ரிப் துணியை உருட்டி விரித்தார்கள். அனுப்பர்பாளையத்தில் பாத்திரம் அடிக்கிறவரிடம் பித்தளையில் ஒரு மகுடம் செய்யச் சொல்லியிருந்தார்கள். அவர் ஆயுசு முழுக்கக் குடமும் அண்டாவும் அடித்தவர். மகுடத்துக்கும் அடிப்பாகம் அண்டா மாதிரியே அமைந்துவிட்டது. இரண்டு பக்கமும் பழக்கதோஷத்தில் கைப்பிடி வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்குக் கார் வந்தது. முன்னால் இறங்கியவர் ரமோன் என்ற பையர், வாட்டசாட்டமான மனிதர், கண்காட்சியில் சிரித்த சிரிப்பைக் காணோம். பின்னால் இறங்கியது அவருடைய ஆபீஸ் உதவியாளர் லூசியா, ஒல்லியான இளம்பெண், மார்போடு ஒரு பையை அணைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் இறங்கவும் எதிர் டீக்கடை முன்னால் கொடி உயரவும் சரியாக இருந்தது. சோணைமுத்து அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். ‘ஏகாதிபத்தியம் ஒழிக’ என்று நாற்பது குரல் எழுந்தது. போர்டு மாறிய கோபமும் சால்வை போன கோபமும் சேர்ந்ததில், வழக்கத்தைவிட நன்றாகவே எடுபட்டது.

ரமோன் திரும்பிப் பார்த்து ஏதோ கேட்டார். லூசியா அதை இங்கிலீஷாக்கிச் சகாயராஜைக் கேட்டாள். அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்கிறாள் என்று அவன் ஊகித்துக்கொண்டான். மொழிபெயர்ப்பில் அவன் வாழ்நாளிலேயே ஒரு பிழையும் இல்லாத பதில் அதுதான்.

“இம்பீரியல், மேடம்.”

அவள் முகம் சிவந்துவிட்டது.

பொங்கியண்ணன் மாலை போட்டார். கையைப் பிடித்து வெல்வெட் நாற்காலியில் உட்கார வைத்தார். நாதஸ்வரக்காரர்கள் தம் கட்டி வாசித்தார்கள். பொங்கியண்ணனும் சகாயராஜும் ஆளுக்கொரு கைப்பிடியைப் பிடித்துப் பித்தளை மகுடத்தைத் தூக்கி ரமோன் தலையில் வைத்தார்கள். அது நெற்றியில் நிற்காமல் காதுவரை இறங்கி உட்கார்ந்துகொண்டது. உள்ளேயிருந்து அவர் ஒரு வார்த்தை சொன்னார். அண்டாவுக்குள் பேசுவது போல் முழங்கியது.

பிறகு சாம்பிள் வந்தது. இரண்டு ஹெல்ப்பர்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்து, நாலு வயசுக் குழந்தையின் சட்டையை விரித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். கத்தரிக்காய் நிறமும் தங்க மகுடமும் அந்த அறையின் ஒரு சுவரை மறைத்துவிட்டன. நாதஸ்வரம் தானாக நின்றது.

ரமோன் மகுடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். சட்டையைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். லூசியாவைப் பார்த்தார். அப்புறம் நீளமாக, நிறுத்தாமல், ஸ்பானிஷில் பேசத் தொடங்கினார். மொழி தெரியாவிட்டாலும் பாராட்டு இல்லை என்பது ஹெல்ப்பர்களுக்குக்கூடத் தெரிந்தது. அவர்கள் சட்டையை மெல்லக் கீழே இறக்கினார்கள்.

பொங்கியண்ணன் சகாயராஜின் பக்கம் திரும்பினார். “ஏனுங்க சகாயராஜுங்களே, இதுக்கும் மேல அவருக்கு என்னங்க கொறைங்க? தயவுபண்ணிக் கேட்டுச் சொல்லுங்க சாமீங்க.”

ஆறு ‘ங்க.’ போதாக்குறைக்குச் சாமி. ஆறு வருடத்தில் சகாயராஜ் கேட்டதில்லை. அவன் லூசியாவின் முன்னால் கையைக் கூப்பிக்கொண்டு போய் நின்றான். நோட்டில் இல்லாத ஒரு வாக்கியத்தைத் தன் சொந்தப் பொறுப்பில் கட்டினான். எதில் இம்பீரியல் குறைகிறது மேடம், காட்டுங்கள், சரி பண்ணிவிடுகிறோம் என்பது அவன் சொல்ல நினைத்தது. வெளியே வந்தது, “வேர் நோ இம்பீரியல் மேடம்? ப்ளீஸ் ஷோ.”

லூசியா தன் முதலாளியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அவர் இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தார். சகாயராஜின் சட்டைக் கையைப் பிடித்து, துணி ரோல்கள் அடுக்கியிருந்த மறைவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். பையைத் திறந்து ஒரு சின்ன அகராதியை எடுத்தாள். அட்டை கிழிந்து, ஓரமெல்லாம் விரல் பட்டு அழுக்கேறிய அகராதி. ஒரு பக்கத்தைப் பிரித்து ‘இம்பீரியல்’ என்ற வார்த்தையின் மேல் விரலை வைத்து, இல்லை என்று தலையாட்டினாள். விரலை நாலு வரி மேலே நகர்த்தி, அங்கே இருந்த ‘இம்பெரேட்டிவ்’ என்ற வேறொரு வார்த்தையைத் தட்டிக் காட்டினாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. அப்புறம், அவனுடைய இங்கிலீஷுக்குத் துளியும் குறையாத இங்கிலீஷில், பாதியைக் கையாலும் பாதியை வாயாலும் அவள் சொன்னதன் தமிழ் இதுதான்:

“எங்க முதலாளிகிட்ட சொல்லிடாதீங்க, இங்கிலீஷ் தெரியும்னு சொல்லித்தான் வேலைக்குச் சேர்ந்தேன், நான் எழுத நினைச்சது, ‘பதினெட்டாம் தேதி கட்டாயம்.’”